காலவரையற்ற வேலைநிறுத்தமா, ஒரு நாள் அடையாளமா, வழக்கா? வேலூர் ஆசிரியர்கள் தீர்மானம் போடும் முன் போட வேண்டிய கணக்கு

அணைக்கட்டு வட்டாரத்தில் மலைமேல் இருக்கும் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இரண்டு பேரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினால் அன்று கதவுக்குப் பூட்டுதான். குடியாத்தம் நகரில் பத்துப் பேர் வேலை பார்க்கும் நடுநிலைப் பள்ளியில் நாலு பேர் வராவிட்டாலும் மணி அடிக்கும், சத்துணவு வேகும், பிள்ளைகள் மதியம் வரை உட்கார்ந்திருப்பார்கள். தீர்மானம் ஒன்றுதான், விளைவு ஊருக்கு ஊர் வேறு. சென்னையில் மாநிலக் குழு எடுக்கும் முடிவை வேலூர் மாவட்டத்தின் ஏழு வட்டாரங்களிலும் ஒரே அச்சில் வார்க்கப் பார்ப்பதுதான் கிளைக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் முதல் தவறு.

இரண்டாவது தவறு, எந்தக் கோரிக்கைக்காகப் போராடுகிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்காதது. "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று பேனரில் ஒரே வரியாக எழுதிவிடுகிறோம். அதற்குள் மூன்று தனித்தனிச் சண்டைகள் இருக்கின்றன. 1.6.2009 அன்றும் அதற்குப் பிறகும் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களின் (தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிப்பவர்கள்) ஊதிய முரண்பாடு ஒன்று. எல்லா இடைநிலை ஆசிரியர்களுக்கும் மத்திய அரசு ஆசிரியருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்பது இன்னொன்று. பகுதிநேர ஆசிரியர்களின் பணி நிரந்தரம் மூன்றாவது. ஒன்றுக்குப் பொருந்தும் ஆயுதம் மற்றதற்குப் பொருந்தாது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதல் சண்டையைப் பற்றியது. அதில்தான் கணக்கு மிகத் தெளிவாக இருக்கிறது.

முரண்பாடு எங்கே பிறந்தது

ஆறாவது ஊதியக் குழுவை அமல்படுத்திய நிதித் துறை அரசாணை 234-இன் தேதி 1.6.2009. அதற்கு முன் சேர்ந்தவர் பழைய 4,500–7,000 விகிதத்தில் இருந்தார். அவருடைய 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கி 8,370 என்று நிர்ணயித்தார்கள். தர ஊதியம் 2,800 சேர்த்தால் 11,170. மறுநாள் சேர்ந்தவருக்குப் பெருக்க எதுவும் இல்லை. புதிய விகிதத்தின் அடிமட்டமான 5,200, அதோடு 2,800, ஆக 8,000. படிப்பும் வகுப்பும் பாடநூலும் ஒன்று. வித்தியாசம் 3,170.

"மூவாயிரம் ரூபாய்க்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்பவர்களுக்கு அந்த 3,170 பிறகு எப்படிக் குட்டி போட்டது என்பதைக் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வை அடுத்த பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி ஆறு முறை போட்டால், 2015 முடிவில் ஒருவர் 13,360-இல் நிற்பார், மற்றவர் 9,580-இல் நிற்பார். ஏழாவது ஊதியக் குழுவின் 2.57-ஆல் பெருக்கினால் 34,335, 24,621. இடைவெளி 9,700-ஐத் தாண்டிவிட்டது. அதன்மேல் இன்னும் பத்து ஆண்டு உயர்வு. அடிப்படை ஊதிய வித்தியாசம் மட்டும் 13,000-ஐச் சுற்றி வரும். (ஊதிய அட்டவணையின் கட்டங்களில் பொருத்தும்போது நூறு இருநூறு முன்னே பின்னே ஆகும்.) அகவிலைப்படி 58 சதவீதம் என்று வைத்தால் மாதம் 20,500. இருவருக்கும் பொதுவாகக் கிடைக்கும் தனி ஊதியத்தை இதில் சேர்க்கவில்லை. அது இடைவெளியைக் குறைப்பதும் இல்லை.

மத்திய அரசுக்கு இணை என்ற கோரிக்கையின் கணக்கு வேறு. மத்திய அரசின் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குத் தர ஊதியம் 4,200, ஏழாவது குழுவில் தொடக்கம் 35,400. இங்கே 20,600. இதைக் கேட்டால் 2009-க்கு முன் சேர்ந்தவர்களும் வரிசையில் நிற்பார்கள், தொகை பல மடங்காகும். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் பேச்சுவார்த்தை மேசையில் பெரியதைக் காட்டிச் சிறியதையும் மறுப்பது எளிதாகிவிடுகிறது. கோரிக்கைப் பட்டியல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கும் நிர்வாகிகள் இதை ஒரு தடவை யோசிக்கலாம்.

ஊர் என்ன சொல்கிறது

"லட்ச ரூபாய் சம்பளம், அதுக்கு மேல லீவு வேற" என்ற பேச்சு காட்பாடி டீக்கடையிலும் கேட்கும், பேரணாம்பட்டிலும் கேட்கும். பதில் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. 2009-இல் சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படை இன்று 34,000 அளவில். அகவிலைப்படி சேர்த்தால் சுமார் 53,700. அதில் பத்து சதவீதம் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குப் பிடித்தம். 1.4.2003 முதல் சேர்ந்த எல்லாருக்கும் இந்தப் பிடித்தம் உண்டு. ஒரு லட்சம் என்பது மேல்நிலைப் பள்ளியில் நீண்ட காலம் பணியாற்றிய முதுநிலை ஆசிரியருக்குப் பொருந்தும். அவரைக் காட்டி இவரை அடிப்பது நியாயமாகாது.

ஆனால் பெற்றோரின் இன்னொரு புகாருக்குச் சம்பளப் பட்டியல் பதிலாகாது. ஷூ கம்பெனிக்குக் காலையில் ஷிப்டுக்குப் போகும் தாய்க்குப் பள்ளி பூட்டிக் கிடந்தால் அன்று கூலி போச்சு. வீட்டிலேயே பீடி சுற்றும் குடும்பத்தில் பிள்ளை வீட்டில் இருந்தால் நூல் கட்ட உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளையைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவருவது ஆசிரியரின் தலையில்தான் விழும். காலை உணவும் மதிய உணவும் பள்ளியில்தான் என்றாகிவிட்ட பிறகு, பள்ளி மூடுவது என்றால் இரண்டு வேளைச் சாப்பாடும் நிற்பது. 2019-இல் காலை உணவுத் திட்டம் கிடையாது. இப்போது பொதுமக்கள் கோபம் அன்றைவிடச் சீக்கிரம் மூளும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

காலவரையற்ற வேலைநிறுத்தம்

சட்டத்தில் இடம் மிகக் குறைவு. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-இன் 22-ஆவது விதி வேலைநிறுத்தத்தைத் தடுக்கிறது. ஆசிரியர் தொழிற்தகராறுச் சட்டப்படி "தொழிலாளர்" ஆக மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே 14 நாள் நோட்டீஸ் கொடுத்தால் பாதுகாப்பு உண்டு என்று சில கிளைகளில் நம்பிக்கொண்டிருப்பது வீண். நோட்டீஸ் கொடுப்பது மரியாதை, அவ்வளவுதான். 2003 ஜூலையில் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அதையொட்டி உச்ச நீதிமன்றத்தில் வந்த ரங்கராஜன் வழக்கின் தீர்ப்பு 2003 ஆகஸ்ட் 6. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது அது. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதமும் 22-ஆவது விதியை மதிப்பதாக உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் திரும்பினார்கள்.

ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் 2019 ஜனவரி 22 முதல் 30 வரையிலான போராட்டத்தில் கைது, தற்காலிகப் பணிநீக்கம், ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-இன்படி பெருந்தண்டனைக்கான குற்றக் குறிப்பாணை எல்லாம் வந்தன. தற்காலிக ஆசிரியர்களை முதலில் 7,500-க்கும், ஆள் சேராததால் பிறகு 10,000-க்கும் எடுக்க ஆணை வந்தது. ஒழுங்கு நடவடிக்கைகள் கைவிடப்பட்டதும், போராட்டக் காலம் பணிக்காலமாக முறைப்படுத்தப்பட்டதும் 2021-இல்தான். அதாவது ஒன்பது நாளின் பின்விளைவு இரண்டு வருஷத்துக்கு மேல். 17(ஆ) நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நிற்காது. மேடையில் "எல்லாம் பிறகு ரத்தாகிவிடும்" என்று சொல்கிறவர் அந்த இடைவெளியில் ஓய்வு பெற்றவரை நினைத்துப் பேச வேண்டும்.

பணக் கணக்கு: 53,700 பெறுபவருக்கு ஒரு நாள் சுமார் 1,800. வெள்ளிக்கிழமையும் திங்கள்கிழமையும் வராவிட்டால் நடுவில் உள்ள சனி, ஞாயிறும் அனுமதியற்ற வராமையில் சேருமா என்ற சர்ச்சை சம்பளப் பில் போடும்போது எழும். களஞ்சியம் மென்பொருளில் ஏறிவிட்ட பிடித்தத்தைத் திருத்துவது பிடித்ததைவிடக் கஷ்டம். ஊதியமில்லாத நாட்கள் ஆண்டு ஊதிய உயர்வுத் தேதியைத் தள்ளும். நம் மாநிலத்தில் உயர்வு காலாண்டின் முதல் தேதியில் வருவதால், காலாண்டு எல்லையில் நிற்பவருக்குப் பத்து நாள் வராமை மூன்று மாத உயர்வைத் தின்றுவிடக்கூடும். தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கு அந்தப் பருவமே நீளும்.

போராட்ட நிதி என்று உண்டியல் வைத்தால் போதும் என்பார்கள். நூறு உறுப்பினர் மாதம் 200 ரூபாய் வீதம் ஒரு வருஷம் போட்டால் 2,40,000. ஒரு நாளைக்கு 1,800 என்றால் 133 ஆள்-நாள். ஏழு நாள் வேலைநிறுத்தத்துக்குப் பத்தொன்பது பேரைத்தான் தாங்கும். ஆகவே நிதியை எல்லாருக்கும் பிரிக்கக் கூடாது. தகுதிகாண் பருவத்தினர், ஒற்றை வருமானக் குடும்பத்துப் பெண்கள், வங்கிக் கடன் தவணை பாக்கிக்கு வந்துவிடும் நிலையில் இருப்பவர்கள் என்று முன்கூட்டியே பெயர் எழுதி வைக்க வேண்டும். பெயர் எழுதப் போனால் சண்டை வரும், உண்மை. போராட்டம் ஆரம்பித்த பிறகு வரும் சண்டை அதைவிடப் பெரிது.

ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தமும் கூட்டு விடுப்பும்

வருஷத்துக்குத் தற்செயல் விடுப்பு பன்னிரண்டு நாள். எல்லாரும் ஒரே நாளில் எடுத்தால் சட்டச் சிக்கல் இல்லை என்று நினைப்பது தவறு. கூட்டு விடுப்பு அறிவித்தவுடன் தலைமைச் செயலாளரின் சுற்றறிக்கை வரும்: மருத்துவக் காரணம் தவிர விடுப்பு கிடையாது, காலையிலேயே வருகை விவரம் அனுப்பு, வேலை இல்லையேல் ஊதியம் இல்லை. ஒரு நாள் சம்பளம் போகும். ஆனால் 17(ஆ) வரை போவது அரிது, ஊதிய உயர்வுத் தேதியும் பெரும்பாலும் அசையாது. செலவுக்கு ஈடாகக் கிடைக்கும் கவனம் என்று பார்த்தால் காலவரையற்ற போராட்டத்தின் முதல் நாளும் இதுவும் ஒன்றேதான்.

இதைக் கெடுப்பது தேதி. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நடக்கும் பிப்ரவரியிலோ அரையாண்டுத் தேர்வு வாரத்திலோ வைத்தால் முதுநிலை ஆசிரியர்கள் வர மாட்டார்கள், செய்தியும் "மாணவர்கள் அவதி" என்றுதான் வரும். ஜூலை, ஆகஸ்ட் நல்லது. மலைப் பள்ளிகளில் இருவரில் ஒருவர் மட்டும் போவது என்று முன்பே பேசிக்கொள்வதில் அவமானம் இல்லை. பூட்டு தொங்கும் புகைப்படம் ஒன்று சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்துக்கு முன் நின்ற ஆயிரம் பேரின் படத்தை மூடிவிடும்.

விடுமுறைப் போராட்டம்

இடைநிலை ஆசிரியர்கள் 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் அரையாண்டு விடுமுறை நாட்களில் சென்னை டிபிஐ (பள்ளிக் கல்வி இயக்கக) வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2022-இல் இருந்ததன் பலனாக 2023 புத்தாண்டு அன்று ஊதிய முரண்பாட்டை ஆராய மூவர் குழு அறிவிக்கப்பட்டது. வகுப்பு நாள் ஒன்றும் போகாமல், 2019-இன் ஒன்பது நாளுக்குக் கிடைக்காத அதிகாரப்பூர்வ ஒப்புதல் இதற்குக் கிடைத்தது. குறை என்னவென்றால், குழு அமைந்தபோது கெடு எழுத்தில் வாங்கி, தவறினால் அடுத்த நடவடிக்கை என்ன என்பதை அதே நாளில் அறிவித்திருக்க வேண்டும். 2023 செப்டம்பர் கடைசியில் திரும்பவும் அதே வளாகத்தில் உட்கார வேண்டி வந்தது. உண்ணாவிரதம் உடலைக் கேட்கும் போராட்டம் என்பதையும் மறக்கக் கூடாது. நாற்பதைத் தாண்டிய, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள்தான் 2009-இல் சேர்ந்தவர்களில் நிறைய. சுழற்சி முறை, ஒருவருக்கு ஒரு நாளுக்கு மேல் கூடாது.

கற்பித்தல் அல்லாத பணி மறுப்பு

இது வெளியே பேசப்படுவதைவிடப் பலமான வழி, ஆனால் வரம்பு தெரிந்து செய்ய வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 27-ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கற்பித்தல் அல்லாத பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அந்த மூன்றையும் தொடக் கூடாது. வாக்காளர் பட்டியல் பணியை மறுத்தால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு சிறைத் தண்டனை வரை போகும். கணக்கெடுப்புச் சட்டத்திலும் தண்டனை உண்டு. மறுக்கக்கூடியது: பள்ளி நேரத்துக்குப் பிறகு எமிஸ் (கல்வித் துறையின் இணையத் தரவுத்தளம்) பதிவேற்றம், இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்கப்படும் புள்ளிவிவரம், ஒரே தகவலை மூன்று படிவத்தில் கேட்பது. பிள்ளைகளுக்கு நஷ்டம் இல்லை, சம்பளம் போகாது, பெற்றோர் கோபப்பட மாட்டார்கள். தலைமையாசிரியர்களின் கழுத்தில் விழும் என்பதுதான் பலவீனம். அவர்கள் சங்கத்தோடு முதலில் பேசாமல் இதை ஆரம்பித்தால் மூன்றாம் நாளே சரிந்துவிடும்.

வழக்கு

வேலூர் சென்னை உயர் நீதிமன்ற முதன்மை அமர்வின் எல்லையில் வருகிறது. ரிட் மனு போடலாம், சம்பளம் போகாது. சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை 1982 ரந்திர் சிங் வழக்கிலிருந்து 2016 ஜக்ஜித் சிங் வழக்கு வரை உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆயினும் ஒரு குறிப்பிட்ட தேதியை எல்லையாக வைப்பது அரசின் கொள்கை முடிவு என்று நீதிமன்றங்கள் ஒதுங்கிக்கொள்வதும் வழக்கம். பலர் செய்யும் பிழை, "மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்" என்று மட்டும் கேட்பது. பன்னிரண்டு வாரத்தில் பரிசீலித்து நிராகரித்த ஆணை கைக்கு வரும், அவ்வளவுதான். அரசாணையின் குறிப்பிட்ட பகுதியையே எதிர்த்துக் கேட்க வேண்டும். தனி நீதிபதி, அமர்வு, உச்ச நீதிமன்றம் என்று வருஷங்கள் போகும். வெற்றி கிடைத்தாலும் முதலில் மனுதாரருக்கு மட்டும் என்று நடைமுறைப்படுத்துவார்கள். போராட்டத்துக்குப் பக்கத்தில் ஓடவேண்டிய வண்டி இது, அதற்குப் பதிலாக ஓட்டக்கூடியதல்ல.

பகுதிநேர ஆசிரியர்களைப் பொறுத்தவரை மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. 2012-இல் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூன்று அரைநாள் என்று எடுத்தவர்கள். 2023-இல் 12,500 ஆனது. ஓர் அரைநாள் போனாலே ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும். 17(ஆ) பற்றிப் பயமில்லை, ஆனால் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விட்டாலே போதும். இவர்களை வேலைநிறுத்தத்துக்கு இழுக்காமல், இவர்களுடைய கோரிக்கையை நிரந்தர ஆசிரியர்கள் தங்கள் மனுவில் முதல் மூன்றுக்குள் வைப்பதே முறை.

எதை ஏற்பது

போராட்ட வடிவத்தை விட்டுவிட்டு முடிவு வடிவத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. அரசு தரக்கூடியது மூன்றில் ஒன்று. மொத்தமாக ஒரு தனி ஊதியம் கூட்டித் தருவது. 1.6.2009 முதல் கருத்தியலாக (கணக்கில் மட்டும், நிலுவை இல்லாமல்) மறுநிர்ணயம் செய்து, ஆணை வந்த நாளிலிருந்து பணப்பலன் தருவது. நிலுவையோடு முழு மறுநிர்ணயம்.

தனி ஊதியம் மேடையில் பெரிய எண்ணாகத் தெரியும். ஆணையில் அது அகவிலைப்படிக்கு, ஆண்டு உயர்வுக்கு, ஓய்வூதியத்துக்கு, பதவி உயர்வின்போது ஊதிய நிர்ணயத்துக்கு என்று நான்குக்கும் கணக்கிடப்படும் என எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அடுத்த ஊதியக் குழுவில் பெருக்கலுக்கு வெளியே நின்றுவிடும். 2009-இல் நடந்தது மறுபடி நடக்கும். முழு நிலுவை கேட்பது நியாயம், ஆனால் பதினாறு பதினேழு வருஷ நிலுவை என்பதே மறுப்பதற்கு வசதியான காரணம்.

நடுவில் உள்ளதைப் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. சங்கத்தினர் சொல்லும் 20,000 பேரும் 2009-லேயே சேர்ந்தவர்கள் என்று வைத்தாலும் மாதம் 20,500 வீதம் ஆண்டுக்கு 492 கோடிக்கு மேல் போகாது. 2012-இலும் அதற்குப் பிறகும் சேர்ந்தவர்களின் இடைவெளி குறைவு என்பதால் உண்மைத் தொகை இன்னும் கீழே. 2021 தேர்தல் அறிக்கையில் திமுக 311-ஆம் வாக்குறுதியாக இதைச் சொன்னது. அதைக் காட்டிக் கேட்கிற நாம் தொகையையும் சேர்த்துக் காட்டினால்தான் எதிரே உட்கார்ந்திருப்பவர் "நிதி நிலை" என்ற இரண்டு சொல்லோடு எழுந்துபோக முடியாது. பழைய 4,500–7,000 விகிதத்தில் இருந்த மற்ற பதவிகளும் இதையே கேட்கும் என்ற எதிர்வாதம் நிச்சயம் வரும். அதற்குப் பதில் தயாராக இல்லாமல் போகக் கூடாது.

வேலூர்க் கிளைகளுக்கு எங்கள் வரிசை இது: ஜூலையில் கற்பித்தல் அல்லாத பணி மறுப்பு, அது பிடித்துக்கொண்டால் ஆகஸ்டில் ஒரு நாள், பலன் இல்லையேல் அரையாண்டு விடுமுறையில் சென்னை. காலவரையற்ற வேலைநிறுத்தம் எல்லாச் சங்கமும் கையெழுத்திட்டு, நிதிப் பட்டியல் எழுதி, திரும்பும் நிபந்தனைகள் எழுத்தில் இருந்தால் மட்டும். அந்த நிபந்தனைகளில் பழிவாங்கல் இல்லை என்பதோடு ஈடுசெய்யும் சனிக்கிழமைகளும் இருக்க வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலைநாள், ஆறு முதல் எட்டு வரை 220 என்பது சட்டம். போன நாட்களை எந்தெந்தச் சனிக்கிழமையில் எடுப்போம் என்ற பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வேலைநிறுத்தத்துக்கு முந்தின வாரமே கொடுத்து, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பி வையுங்கள். குழுவின் தலைவர் பெரும்பாலும் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய்.